அரை நிமிஷம் பொறு... சூடாகட்டும்!

"இது என்னங்க, புது மாடல் அடுப்பா?"

அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி இதுதான். அவளைக் குறை சொல்ல முடியாது. அகலமான ஒரு இரும்புத் தட்டு. அதன் மேல் உயரமாக நாலு, குள்ளமாக மூன்று கண்ணாடிக் குழாய்கள். பின்னால் செங்கல் கனத்தில் மூன்று கறுப்புப் பெட்டிகள். மொத்த எடை பதினோரு கிலோ. பார்த்தால் பொங்கல் வைக்கலாம் போலத்தான் இருந்தது.

"இல்லம்மா, பாட்டுக் கேக்கற ஆம்ப்ளிஃபயர். வால்வு ஆம்ப்ளிஃபயர்."

"என்ன விலை?"

சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் எங்கள் வீட்டில் சத்தமே இல்லை. ஆம்ப்ளிஃபயர் வாங்கியும் அமைதியாக இருந்த வீடு உலகத்திலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும்!

போன ரேடியோ

இந்த வயசில் எனக்கு ஏன் இந்த ஆசை? காரணம் எங்கப்பா.

அப்பா தபால் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். ரேடியோ வைத்துக்கொள்ளத் தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டிய காலம் அது. ஊருக்கெல்லாம் லைசென்ஸ் போட்டுக் கொடுத்தவர், கல்யாணமான புதிதில் அம்மாவுக்காகத் தவணையில் ஒரு மர்ஃபி வால்வு ரேடியோ வாங்கினார். குமிழைத் திருகினால் உடனே பாடாது. முதலில் டயல் விளக்கு எரியும். பிறகு மூலையில் இருக்கும் பச்சைக் கண் மெள்ளத் திறக்கும். நான் அவசரப்பட்டால் அப்பா சொல்வார்: "அரை நிமிஷம் பொறுடா... சூடாகட்டும்!"

1984-ல் என் கல்லூரி ஹாஸ்டல் ஃபீஸுக்குப் பணம் குறைந்தபோது அந்த ரேடியோ போனது. யாரிடம், எவ்வளவுக்கு என்று அப்பா இன்று வரை சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

போன வருஷம் அம்மா தவறிப் போனாள். அதிலிருந்து அப்பா பாட்டே கேட்பதில்லை. பையன் வெளிநாட்டிலிருந்து ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று அனுப்பியிருந்தான், டம்ளர் சைஸில். அதில் பி.பி.ஸ்ரீனிவாஸைப் பாட விட்டேன். இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, "கத்தறது. நிறுத்துடா" என்றார்.

காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். "எண்பத்தஞ்சு வயசுக்கு இது சகஜம். வயசானா காது முதல்ல கீச்சுச் சத்தங்களைத்தான் இழக்கும். கீழ்ஸ்தாயி கடைசி வரைக்கும் ஓரளவு நிக்கும்" என்றார் அவர். வீட்டில் மொபைல் மணி அடித்தால் அப்பாவுக்குக் கேட்காது. ஆனால் தெருக்கோடியில் லாரி திரும்பினால், "தண்ணி லாரி வருது" என்பார்!

வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்தால் காது சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. ஏதோ ஒரு கடன் பாக்கி நிற்கிறதே என்ற உறுத்தல்தான். என் ரிடையர்மென்ட் பணத்திலிருந்து ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்தேன். (மனைவிக்கு இது இந்தக் கட்டுரை மூலம்தான் தெரியப்போகிறது!)

ஜொலித்த மோசடி

முதலில் இன்டர்நெட்டில் ஒன்றைப் பார்த்து மயங்கினேன். உள்ளங்கை அகலம். இரண்டு குட்டி வால்வு. ஆரஞ்சு நிறத்தில் அப்படி ஒரு ஜொலிப்பு! 'நூறு வாட்' என்று போட்டிருந்தது. விலையோ நாலு இலக்கம்தான். ஆர்டர் செய்யும் பட்டனை அமுக்கப் போன நேரத்தில் கரன்ட் கட். மின்வாரியத்துக்கு ஆயுசுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

மறுநாள் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். மவுன்ட் ரோடு பக்கத்தில் இருக்கும் அந்தச் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே நடந்தால் ஒருவர் கடைக்குள் ஏறி நின்றுதான் வழிவிட வேண்டும். நானும் அப்படி ஏறிய இடத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரு பெரியவர் சால்டரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்திருந்தார். படத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தவர் சிரித்தே விட்டார்.

"ஸார், வால்வு தானா எரிஞ்சா இவ்வளவு வெளிச்சம் வராது. அடியில எல்.இ.டி. பல்பு வெச்சிருக்கான். வால்வு வாசல்ல நிக்கற வாட்ச்மேன் மாதிரி. ஸ்பீக்கரைத் தள்ற வேலையெல்லாம் உள்ள ஒரு சின்ன ஐ.சி. பண்ணுது."

"அப்போ இது ஏமாத்து வேலையா?"

"பாட்டு வரும், நல்லாக்கூட வரும். ஆனா நீங்க தேடறது இது இல்லை. எதுக்கும் ஒரு வழி இருக்கு... தூக்கிப் பாருங்க. நெஜ வால்வு ஆம்ப்னா முதுகு வலிக்கணும்!"

வால்வு அதிக வோல்டேஜிலும் குறைந்த கரன்ட்டிலும் வேலை செய்கிற ஜாதி. ஸ்பீக்கருக்கோ வோல்டேஜ் குறைவாகவும் கரன்ட் அதிகமாகவும் வேண்டும். இந்த இரண்டு பேருக்கும் நடுவே கல்யாணத் தரகர் ஒருவர் தேவை. அவர்தான் 'அவுட்புட் டிரான்ஸ்பார்மர்'. இரும்பும் செம்புக் கம்பியுமாக, ஸ்பீக்கருக்கு ஒன்று வீதம் இரண்டு. பவருக்கு மூன்றாவதாக ஒன்று. நம் பணத்தில் பெரும் பங்கு போவதும், சத்தத்தின் தரத்தைப் பாதி தீர்மானிப்பதும் இவைதான்.

"உங்க ஸ்பீக்கர் என்ன?"

"எத்தனை வாட்டுல வாங்கலாம்?" என்று கேட்டேன்.

"அது அப்புறம். உங்க வீட்ல என்ன ஸ்பீக்கர், எவ்வளவு பெரிய ரூம்?"

முதன்முதலாக வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறவர்கள் எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதானாம். ஸ்பீக்கரின் பின்பக்கத்திலோ, கூட வந்த காகிதத்திலோ 'சென்ஸிடிவிடி' என்று ஒரு எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்ற கணக்கு அது. இதில் 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். 10 டெசிபல் குறைந்தால் பத்து மடங்கு! அதாவது, 97 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு வாட்டில் பாடுகிற பாட்டை 87 டெசிபல் ஸ்பீக்கர் பாட பத்து வாட் கேட்கும்.

"கோயில் திருவிழால குழாய் ஸ்பீக்கர் கட்டுவாங்களே, ஞாபகம் இருக்கா? சின்ன ஆம்ப்ளிஃபயர்தான். ஊரே எழுந்துக்கும். ஏன்? அந்தக் குழாய் அமைப்பு கொடுத்ததை வீணாக்காது" என்றார் பெரியவர்.

என் வீட்டு ஸ்பீக்கர் அலமாரியில் வைக்கிற ரகம். 87 டெசிபல், 8 ஓம். ஹால் பன்னிரண்டுக்குப் பதினாலு அடி. நானோ '300பி' என்ற வால்வைப் பற்றிப் படித்துவிட்டு அதே கனவில் இருந்தேன். 1938-ல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கொண்டு வந்த வால்வு. இன்றைக்கும் ரசிகர்கள் கும்பிடுகிற ராஜா. ஆனால் ஒன்றை மட்டும் வைத்துச் செய்தால் கிடைப்பது சுமார் 8 வாட். விலையோ ராஜாவுக்கேற்ற விலை.

"உங்க ஸ்பீக்கருக்கு ராஜா வேண்டாம். நாலு நல்ல கூலியாள் போதும்" என்றார்.

குழாய்க்குள் திருப்பதி க்யூ

வால்வு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே ஒரு கம்பி சூடாகிறது. அந்தச் சூட்டில் எலெக்ட்ரான்கள் கிளம்பி எதிரே இருக்கும் தகட்டை நோக்கி ஓடுகின்றன, திருப்பதியில் தர்ம தரிசன கேட் திறந்தது போல! நடுவே ஒரு கம்பி வலை. கேட்டில் நிற்கும் ஊழியர் கையை லேசாக அசைத்தாலே ஆயிரம் பேர் நிற்கிறார்கள், ஓடுகிறார்கள் அல்லவா? அதே மாதிரி வலையில் கொடுக்கும் துளியூண்டு மின்சாரம் பெரிய ஓட்டத்தை ஆட்டிவைக்கிறது. சின்னச் சத்தம் பெரிய சத்தமாகிறது. அவ்வளவுதான் விஷயம்!

1904-ல் இங்கிலாந்தில் ஃப்ளெமிங் முதல் வால்வைச் செய்தார். 1906-ல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் மூன்றாவதாக ஒரு உறுப்பைச் சேர்த்தார். 1947-ல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் டிரான்ஸிஸ்டர் பிறந்தது; வால்வுக்கு அஸ்தமனம் தொடங்கியது. நம் நாட்டிலும் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ரேடியோ வால்வுகளைச் செய்துகொண்டிருந்தது. அதெல்லாம் பழைய கதை. இன்றைக்குப் புது வால்வுகள் வருவது பெரும்பாலும் ஸ்லோவாகியா, ரஷ்யா, சீனாவிலிருந்து.

பொய்யும் இனிக்கும்

"அப்படியானால் டிரான்ஸிஸ்டரைவிட வால்வு உசத்தியா?" என்று கேட்டால், நேர்மையான பதில்: அளந்து பார்த்தால் இல்லை! இதே பணத்துக்கு வரும் நல்ல டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபயர், கருவி வைத்து அளந்தால் இதை ஊதித் தள்ளிவிடும். வால்வு கொஞ்சம் பொய் சொல்லும். ஆனால் அந்தப் பொய்யில் ஒரு சங்கீதம் இருக்கிறது.

எந்த ஆம்ப்ளிஃபயரும் வந்த ஸ்வரத்தோடு தன் பங்குக்குக் கொஞ்சம் கலப்படம் செய்யும். எளிய வால்வு ஆம்ப்ளிஃபயர் கலப்பது பெரும்பாலும் இரட்டிப்பு அதிர்வை. அதாவது கீழ் ஸ வந்தால் கூடவே இழையளவு மேல் ஸ. அதற்கடுத்த மூன்று மடங்கு அதிர்வு, மேல் ஸ்தாயிப் பஞ்சமம். ஸ-வும் ப-வும் சேர்ந்தால் என்ன? தம்பூரா! கலப்படம்தான்... ஆனால் பாலில் தண்ணீர் கலக்கிற மாதிரி இல்லை, பாயசத்தில் ஏலக்காய் மாதிரி.

தவிர, வால்வு தன் சக்திக்கு மீறினால் சட்டென்று கரகரக்காமல் மெள்ள மெள்ளத் தளர்கிறது. இது காதுக்கு உறுத்துவதில்லை.

ஒண்டியா, ஜோடியா?

இதில் இரண்டு ரகம். 'சிங்கிள் எண்டட்' என்பது பக்கத்துக்கு ஒரே ஒரு பவர் வால்வு. வாட் குறைவு, இனிப்பு அதிகம். 'இஎல்84' என்ற சாதாரண வால்வு ஒன்று போட்டால் ஐந்து வாட்கூட முழுசாகத் தேறாது. மற்றது 'புஷ்-புல்'. இரண்டு வால்வுகள் மாறி மாறி ஒன்று தள்ள, ஒன்று இழுக்க, இரண்டு பேர் மரம் அறுக்கிற மாதிரி. அதே இஎல்84 ஜோடியாக நின்றால் பத்து வாட்டுக்கு மேல் தரும். 1954-ல் மல்லார்டு கம்பெனி '5-10' என்று ஒரு சர்க்யூட் வெளியிட்டது. ஐந்து வால்வு, பத்து வாட். அதை வைத்து ஊர் ஊராக வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் கட்டியவர்கள் ஏராளம். இன்னும் பலம் வேண்டுமானால் 'இஎல்34' ஜோடி. முப்பது வாட்டுக்கு மேலும் போகும். ஆனால் விலையும் சூடும் எடையும் கூடவே ஏறும்.

பெரியவர் எனக்கு எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு: "இஎல்84 புஷ்-புல். செல்ஃப் பயாஸ்."

பயாஸ் என்பது வால்வை எந்த அளவு 'சிம்'மில் எரியவிடுவது என்ற ஏற்பாடு. சிலவற்றில் வால்வு மாற்றும்போதெல்லாம் மீட்டர் வைத்துத் திருகிச் சரிசெய்ய வேண்டும். 'செல்ஃப் பயாஸ்' என்றால் அது தானே பார்த்துக்கொள்ளும். நம்மைப் போன்ற கத்துக்குட்டிகளுக்கு இதுதான் லாயக்கு.

நகரத்திலேயே கையால் கட்டிக் கொடுக்கும் ஒருவரிடம் அனுப்பினார். இரண்டு மாதம் காத்திருந்தேன். வந்ததுதான் மேற்படி 'அடுப்பு'.

வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிஷம்!

* உங்கள் ஸ்பீக்கரைக் கடைக்கு எடுத்துப் போய் அதில் கேளுங்கள். நீங்கள் எப்போதும் கேட்கும் பாட்டையே போடச் சொல்லுங்கள். கடைக்காரர் போடும் பாட்டு எந்த ஆம்ப்ளிஃபயரிலும் நன்றாகத்தான் இருக்கும்!

* வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஸ்பீக்கரில் காதை வையுங்கள். லேசான இரைச்சல் பரவாயில்லை. ஒரு முழம் தள்ளியும் 'ம்ம்ம்' என்று கேட்டால் யோசியுங்கள்.

* செகண்ட் ஹேண்டா? வால்வின் உச்சியில் உள்பக்கம் வெள்ளி பூசினாற்போல் பளபளப்பு இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்து வால்வு காலமாகிவிட்டது என்று அர்த்தம். ஓடும்போது உள்ளே இருக்கும் தகடு சிவக்கச் சிவக்கப் பழுத்தால் உடனே அணைக்கச் சொல்லுங்கள்.

* ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட், அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட். நம் 230-ல் அப்படியே சொருகினால் தீபாவளிதான்.

* ஸ்பீக்கர் ஒயரை மாட்டாமல் ஒருநாளும் ஓட்டாதீர்கள். டிரான்ஸ்பார்மர் போய்விடும். 4 ஓம், 8 ஓம் பார்த்து மாட்டுங்கள்.

* உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. அணைத்த பிறகும் கண்டென்சர்களில் கரன்ட் தங்கியிருக்கும். அடிமூடியைத் திறக்கும் வேலை தெரிந்தவருக்கு மட்டும்தான். கண்ணாடி தொட்டால் சுடும். குழந்தை, பூனை இருக்கும் வீட்டில் கம்பிக் கூண்டு கட்டாயம்.

* கரன்ட் பில்? என் ஆம்ப்ளிஃபயர் சுமார் நூறு வாட் வாங்கிக்கொண்டு இருபது வாட் தருகிறது, அரசாங்கத் திட்டம் மாதிரி! பத்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். மீதியெல்லாம் சூடு. சென்னை மே மாசத்தில் யோசிக்க வேண்டிய விஷயம்.

* பவர் வால்வுகள் சில ஆயிரம் மணி நேரம் உழைக்கும். பிறகு மாற்ற வேண்டும். அதனால் சுலபமாகக் கிடைக்கிற வால்வு போட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

"ம்ம்ம்..."

மூன்றாம் நாள் சாயங்காலம். மனைவியின் மௌனவிரதம் முடிந்திருந்தது. பையன் விட்டுப்போன கம்ப்யூட்டரில் பழைய பாட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அதிலிருந்து ஒரு ஒயரை ஆம்ப்ளிஃபயருக்கு இழுத்தேன். அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து ஈஸிசேரில் உட்காரவைத்து ஸ்விட்சைப் போட்டேன்.

குழாய்களுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி. மெள்ள அது கொள்ளிக்கட்டை நிறமானது. அப்பா முன்னால் குனிந்து உற்றுப் பார்த்தார். நான் பாட்டைப் போடக் கையை நீட்டினேன்.

"இருடா... என்னமோ 'ம்ம்ம்'ங்கறது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மொபைல் மணி கேட்காத மனிதர்! ஸ்பீக்கர் அருகே போய்க் கேட்டேன். ஆமாம், அடித்தொண்டையில் ஒரு ஹம். டாக்டர் சொன்ன கீழ்ஸ்தாயிக் கணக்கு அப்போதுதான் உறைத்தது. ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்து வாங்கி வந்த பொருளில் அப்பாவுக்கு முதலில் கேட்டது அதன் குறை!

பெரியவருக்கு போன் போட்டேன். "கம்ப்யூட்டர் எந்த ப்ளக்ல இருக்கு, ஆம்ப் எந்த ப்ளக்ல இருக்கு?" என்று கேட்டார். எதிரெதிர்ச் சுவர். "ரெண்டையும் ஒரே ப்ளக் போர்டுல சொருகுங்க. எர்த் ரெண்டு வழியா சுத்துது. யாராவது எர்த் பின்னை வெட்டிடுங்கன்னு சொல்வாங்க. கேக்காதீங்க, உயிருக்கு ஆபத்து."

மாற்றிச் சொருகினேன். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். "இப்ப சரி."

பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பாட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. 'நிறுத்து' என்று சொல்லவில்லை. மூன்றாவது பாட்டு நடுவில் சொன்னார்:

"முந்நூத்தம்பது ரூபா."

"என்னப்பா?"

"அந்த ரேடியோ. முந்நூத்தம்பதுக்குக் குடுத்தேன். நானூறு கேட்டேன், தரலை. குடுத்துட்டு வந்து உங்கம்மாகிட்ட ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொன்னேன். அவளுக்குத் தெரியும்... கேக்கலை."

நானும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

வால்வினால்தான் அவருக்குப் பாட்டு பிடித்ததா, டம்ளரை விட்டுப் பெரிய ஸ்பீக்கருக்கு மாறியதால் பிடித்ததா, அல்லது அந்தச் சிவப்பு வெளிச்சத்தினாலா? எனக்குத் தெரியாது. அளக்கிற கருவியும் என்னிடம் இல்லை.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து வந்தேன். ஹாலில் விளக்குப் போடவில்லை. இருட்டில் ஏழு குழாய்கள் மட்டும் கனிந்துகொண்டிருந்தன. எதிரே அப்பா. பாட்டு எதுவும் ஓடவில்லை.

"என்னப்பா, பாட்டுப் போடட்டுமா?"

கையை உயர்த்தித் தடுத்தார்.

"அரை நிமிஷம் பொறுடா... சூடாகட்டும்!"

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது:

"மாமா, உங்க அடுப்பு சூடாயிடுச்சுன்னா சொல்லுங்க... காபி கொண்டு வரேன்!"